விட்டுக்கொடுக்கும் இறக்கை

காற்றாலையின் வரலாற்றைக் காற்றைப் பிடித்த வரலாறாகவே நாம் படித்து வருகிறோம்: இறக்கை எத்தனை மீட்டர் நீண்டது, மின்சாரம் எத்தனை கிலோவாட் கூடியது என்று. ஆனால் காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. மிதமான காற்றை நம்பிக் கட்டிய ஆலைக்கு ஒரே புயல் இரவு போதும். கட்டுமீறிச் சுழன்று தன்னையே உடைத்துக்கொள்ளும். ஆகவே காற்றாலை இத்தனை நூற்றாண்டு பிழைத்திருப்பதற்கு, வேண்டாத காற்றை விட்டுவிட அது கற்றுக்கொண்டதே முதற்காரணம். அந்தப் பாடத்தை அது இறக்கையில்தான் கற்றது என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்றுகள் இருக்கின்றன.

பழைய ஐரோப்பிய மாவாலைகளின் இறக்கை, மரச்சட்டத்தில் விரித்த பாய்த்துணி. காற்று வலுத்தால் ஆலையை நிறுத்தி, ஒவ்வொரு இறக்கையாகக் கீழே கொண்டுவந்து துணியைச் சுருட்ட வேண்டும். திடீரென வரும் சூறை அதற்கு அவகாசம் தராது. அப்போது ஆலைக்காரரிடம் மிஞ்சுவது அச்சிலிருக்கும் பெரிய பல்சக்கரத்தை இறுக்கும் மரப் பிரேக் மட்டும். வேகத்தில் அதை அழுத்தினால் உராய்வில் தீப்பொறி பறக்கும். அப்படி எரிந்துபோன ஆலைகள் பல. 1772-இல் ஸ்காட்லாந்தின் ஆலைத் தச்சர் ஆண்ட்ரூ மீக்கிள் துணியை நீக்கிவிட்டு, சுருள்வில்லால் மூடியிருக்கும் சிறு பலகைகளை இறக்கையில் வரிசையாகப் பொருத்தினார். காற்று மிஞ்சினால் அதன் அழுத்தமே பலகைகளைத் திறந்து வழிவிட்டது. 1807-இல் இங்கிலாந்தின் வில்லியம் கியூபிட், ஓடும் ஆலையை நிறுத்தாமலே எல்லாப் பலகைகளையும் ஒரு சங்கிலியாலும் எடைக்கல்லாலும் ஆளும் வழி கண்டார். இடுக்குகள் கொண்ட பலகை இறக்கை, நன்கு விரித்த துணி அளவுக்குக் காற்றைப் பிடிக்காது. அதனால் இரண்டு இறக்கையில் துணியும் இரண்டில் பலகையும் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. பாதுகாப்புக்குக் கொடுத்த விலை அது, அறிந்தேதான் கொடுத்தார்கள்.

மின்சாரக் காலத்தில் இதே கேள்வி டென்மார்க்கில் மீண்டும் எழுந்தது. பொறியாளர் யோஹான்னஸ் யூல் 1957-இல் கெட்ஸரில் எழுப்பிய காற்றாலை 24 மீட்டர் விட்டமும் 200 கிலோவாட் திறனும் கொண்டது. அதன் மூன்று இறக்கைகளும் அச்சோடு அசையாமல் பொருத்தப்பட்டவை. காற்று மிகுந்தால் இறக்கையை ஒட்டி ஓடும் காற்றோட்டம் தானே பிரிந்து, அதைச் சுழற்றும் விசை குறைந்துவிடும். இதற்கு ஸ்டால் என்று பெயர். அழகான ஏற்பாடுதான், ஆனால் சுழற்சி வேகம் மாறாதவரைதான் அது காக்கும். அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்துவது ஜெனரேட்டர் இணைந்திருக்கும் மின்கட்டமைப்பு. இணைப்பு அறுந்தால் சுமை மறைகிறது, சுழற்சி விரைகிறது, காற்று இறக்கையைத் தாக்கும் கோணம் குறைகிறது, ஸ்டாலும் விலகிவிடுகிறது. காவல் மிகவும் தேவைப்படும் நொடியில் காவலன் இல்லை. இந்த ஓட்டையைத்தான் யூல் அடைத்தார். வேகம் எல்லை மீறினால் மையவிலக்கு விசையால் விடுபட்டு, காற்றுக்குக் குறுக்கே திரும்பும் நுனிகளை இறக்கைகளில் வைத்தார். நுனிதான் மிக விரைவாகச் செல்லும் பகுதி, அச்சிலிருந்து மிகத் தொலைவில் உள்ள பகுதியும் அதுவே. அங்கே சிறு தடையும் பெரும் பிடியாகிறது. அந்த ஆலை ஏறத்தாழப் பத்தாண்டு ஓடியது.

அச்சில் வலுவான டிஸ்க் பிரேக் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அச்சில் பிரேக் போட்டால், காற்று இறக்கைக்குத் தொடர்ந்து ஊட்டும் ஆற்றலை முழுவதும் வெப்பமாக விழுங்கியாக வேண்டும். மாவாலைகளை எரித்தது அந்த வெப்பம்தான். மேலும் அச்சோ கியர் பெட்டியோ முறிந்தால், அதற்கு அப்பால் உள்ள பிரேக்கால் பயனே இல்லை. இறக்கையில் உள்ள தடையோ ஆற்றலை உள்ளே வரவிடாமலே தடுக்கிறது. 1978-இல் டென்மார்க்கில் தொடங்கிய ரீசோ காற்றாலைச் சோதனை நிலையம் ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் முறைகளை வற்புறுத்தியது இதனால்தான். அரசு மானியம் அங்கீகாரம் பெற்ற ஆலைகளுக்கே கிடைத்ததால், அந்த விதி ஏட்டில் உறங்கவில்லை.

நுனி பிரேக் பழங்கதையாகிவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. நுனி சேரும் மூட்டு இறக்கையின் பலவீனமான இடம், இரைச்சலும் பராமரிப்பும் அதிகம் என்பதெல்லாம் உண்மை. இன்றைய பெரிய ஆலைகளில் இறக்கை முழுவதும் அடியிலிருந்தே திரும்புகிறது. ஆனால் மாறியது கருவி, கொள்கை மாறவில்லை. ஒவ்வோர் இறக்கைக்கும் தனி இயக்கமும், மின்சாரம் போனாலும் திருப்புவதற்குத் தனிச் சேமிப்பு ஆற்றலும் வைக்கிறார்கள். நுனி செய்த வேலையை முழு இறக்கையும் ஏற்றுக்கொண்டது, அவ்வளவே. தமிழ்நாட்டின் முப்பந்தலில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை நம்பி நட்ட பழைய ஸ்டால் வகை ஆலைகள் பல, டென்மார்க் வடிவமைப்பின் வாரிசுகள். அவற்றை அகற்றிப் புதியன நடும்போது திறனை மட்டும் ஒப்பிட்டு, பழையவற்றை முதிராத பொறி என்று தள்ளுவது நியாயமில்லை. மின்கட்டமைப்பு கைவிட்ட நேரத்தில் அந்த நுனிகள் திரும்பி நின்றதால்தான், காற்றாலையை நம்பி முதலீடு செய்யலாம் என்ற துணிவே பிறந்தது.