ஓடிடி சந்தா: 'ஒரிஜினல்' படங்களை நம்பிக் காசு கட்டலாமா?

சனிக்கிழமை இரவு. பெக்கான் நானாஸில் ஒரு வீடு. சாப்பாடு முடிந்து எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தாயிற்று. அரை மணி நேரம் ரிமோட்டைத் தட்டித் தட்டிப் போஸ்டர்களைத் தள்ளிப் பார்த்த பிறகு, யாராவது ஒருவர் சொல்வார்: "பார்க்க ஒண்ணுமே இல்லையே!" கடைசியில் ஏற்கெனவே மூன்று தடவை பார்த்த ஒரு வடிவேலு காமெடியில் போய் நிற்கும்.

உங்கள் வீட்டிலும் இந்தக் கதைதானா? அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாதா மாதம் கட்டும் ஓடிடி சந்தா அந்தக் காசுக்குத் தகுமா? குறிப்பாக, ஓடிடி தளங்கள் பெரிதாக விளம்பரம் செய்யும் 'ஒரிஜினல்' படங்களுக்காகக் கட்டுவது சரியா?

சின்ன ஊரில் இந்தக் கணக்கு ஏன் வேறு?

பொந்தியான் மாவட்டத்தில், ஸ்கூடாய் போகும் சாலையில் இருக்கிறது பெக்கான் நானாஸ். பெயரிலேயே அன்னாசி இருக்கும் ஊர். பெரிய திரையில் புதுத் தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் ஸ்கூடாய் அல்லது ஜொகூர் பாரு பக்கம் கார் ஓட்ட வேண்டும்.

நான்கு பேர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் ஒன்று 20 ரிங்கிட் என்றால் அதற்கே 80 ரிங்கிட். பெட்ரோல், பாப்கார்ன், திரும்பி வரும் வழியில் சாப்பாடு என்று சேர்த்தால் 120 ரிங்கிட்டைச் சுலபமாகத் தொட்டுவிடும். அதோடு ஒப்பிட்டால் ஓடிடி மலிவாகத்தான் தெரியும்.

ஆனால் இன்று பல வீடுகளில் ஒரு சந்தாவோடு நிற்பதில்லை. தலா 40 ரிங்கிட் என்று மூன்று சந்தா இருந்தால் மாதம் 120, வருடத்துக்கு 1,440 ரிங்கிட். 2025-இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு 120 ரிங்கிட் என்பது நூற்றுக்கு ஏழு வெள்ளி. சும்மா விடக்கூடிய தொகை இல்லை.

'ஒரிஜினல்' என்றால் என்ன அர்த்தம்?

அந்த நிறுவனமே உட்கார்ந்து எடுத்த படம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. வேறு யாரோ எடுத்ததை, ஒரு நாட்டில் காட்டும் உரிமையை மட்டும் வாங்கிக்கொண்டும் 'ஒரிஜினல்' முத்திரை குத்தலாம். உதாரணத்துக்கு, 'பெட்டர் கால் சால்' தொடர் அமெரிக்காவில் ஏஎம்சி என்ற டிவி அலைவரிசையில் ஓடியது. அதே தொடர் வேறு பல நாடுகளில் 'நெட்பிளிக்ஸ் ஒரிஜினல்' என்ற பெயரில் வந்தது.

ஆகவே, இந்த முத்திரையைப் பார்த்தால் படம் யார் கையில் இருக்கிறது என்பது தெரியும். படம் நன்றாக இருக்குமா என்பது தெரியாது. தமிழ் ரசிகர்கள் ஓடிடியில் பார்க்கும் படங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதல் வகை, ஓடிடிக்கென்றே எடுத்தவை. 'பாவக் கதைகள்' (2020), 'நவரசா' (2021) போன்ற குறும்படத் தொகுப்புகள் இதில் சேரும்.

இரண்டாவது, தியேட்டருக்காக எடுத்து, பிறகு நேரடியாக ஓடிடிக்கு வந்தவை.

மூன்றாவது, தியேட்டரில் ஓடி முடித்துவிட்டு ஓடிடிக்கு வருபவை.

'சூரரைப் போற்று' ஓடிடி படமா?

"ஓடிடியில் நல்ல படம் வருவதில்லை" என்று சொன்னால் உடனே வரும் பதில்: "ஏன், சூரரைப் போற்று இல்லையா? சார்பட்டா பரம்பரை இல்லையா?"

நியாயமான கேள்வி. சுதா கொங்கரா இயக்கிய 'சூரரைப் போற்று' 2020 நவம்பரில் அமேசான் பிரைம் வீடியோவில் வெளியானது. 68-ஆவது இந்திய தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த நடிகை உட்பட ஐந்து விருதுகளை வாங்கியது. பா.ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலையில் அதே தளத்தில் வந்தது.

ஆனால் இந்த இரண்டுமே பெரிய திரைக்காக எடுத்த படங்கள். கோவிட் காலத்தில் தியேட்டர்கள் மூடிக் கிடந்ததால் ஓடிடிக்குத் திரும்பின. அதாவது, இரண்டாவது வகை. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' படத்தோடு தொடங்கிய அந்த வரிசை, தியேட்டர்கள் பழையபடி இயங்கத் தொடங்கியதும் மெலிந்துவிட்டது. இன்று பெரிய நடிகரின் படம் நேரடியாக ஓடிடிக்கு வருவது அபூர்வம்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். 2020, 2021-இல் கிடைத்த அனுபவத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் சந்தா கட்டுகிறோம். அந்தக் காலம் ஒரு விதிவிலக்கு.

அந்தக் காலத்திலும் எல்லாமே நன்றாக இருந்தன என்று சொல்ல முடியாது. தனுஷ் நடித்து 2021 ஜூனில் நெட்பிளிக்ஸில் வந்த 'ஜகமே தந்திரம்' பலத்த எதிர்பார்ப்போடு வந்து கலவையான விமர்சனங்களையே பெற்றது. 2025 ஏப்ரலில் மாதவன், நயன்தாரா, சித்தார்த் என்று மூன்று பெரிய பெயர்களோடு வந்த 'டெஸ்ட்' படத்துக்கும் ஏறக்குறைய அதே நிலைதான்.

உலக அளவிலும் இதைப் பார்க்கலாம். 2022-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருது வாங்கிய 'கோடா' படத்தை ஆப்பிள் நிறுவனம் எடுக்கவில்லை, சன்டான்ஸ் திரைப்பட விழாவில் வாங்கியது. மாறாக, நெட்பிளிக்ஸ் சுமார் 20 கோடி அமெரிக்க டாலர் செலவிட்டதாகச் சொல்லப்பட்ட 'தி கிரே மேன்' (2022) படத்தில் நம்ம தனுஷும் இருந்தார். விமர்சகர்களை அது பெரிதாகக் கவரவில்லை.

தரம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

தியேட்டர் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சியே பரீட்சை. நன்றாக இல்லையென்றால் அடுத்த நாளே கூட்டம் குறையும். தயாரிப்பாளர் கையைக் கடிக்கும். ஓடிடிக்கென எடுக்கும் படத்துக்குப் பெரும்பாலும் பேசிய தொகை முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்கு அதே காசுதான். இதனால் துணிச்சலான கதைகளுக்கும் இடம் கிடைக்கிறது, அவசரத்தில் செய்த வேலையும் தப்பித்துக்கொள்கிறது.

ஓடிடி நிறுவனத்தின் குறியும் வேறு. நீங்கள் அந்தப் படத்தை ரசித்தீர்களா என்பதைவிட, அடுத்த மாதமும் சந்தாவை வைத்திருப்பீர்களா என்பதே அதற்கு முக்கியம். 2020-இல் நெட்பிளிக்ஸ் ஒரு படத்தை இரண்டு நிமிடம் பார்த்தாலே 'பார்த்ததாக' எண்ணியது. 2023 முதல், மொத்தம் பார்த்த நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்துக் கணக்கிடுகிறது. "உலகமே பார்த்த படம்" என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படங்களைவிடத் தொடர்களில் ஓடிடியின் சொந்த முயற்சி நன்றாகவே தெரிகிறது. புஷ்கர்–காயத்ரி எழுதிய 'சுழல்' (2022), எஸ்.ஜே.சூர்யா நடித்த 'வதந்தி' (2022) ஆகியவை எட்டு எட்டு எபிசோடுகளில் நிதானமாகக் கதை சொன்னவை. இரண்டரை மணி நேரப் படத்தில் அதைச் செய்ய முடியாது. தொடர் பிடிக்கும் குடும்பம் என்றால் உங்கள் கணக்கு கொஞ்சம் மாறும்.

அப்படியானால் எதற்குத்தான் காசு கட்டுகிறோம்?

நேர்மையாகப் பார்த்தால் மூன்றாவது வகைக்கு. தியேட்டரில் ஓடிய படத்தைச் சில வாரம் கழித்து வீட்டில் பார்ப்பதற்கு.

ரஜினியின் 'ஜெயிலர்' 2023 ஆகஸ்ட் 10-இல் தியேட்டருக்கு வந்தது, செப்டம்பர் 7-இல் பிரைம் வீடியோவுக்கு வந்துவிட்டது. விஜய் சேதுபதியின் 'மகாராஜா' 2024 ஜூன் 14-இல் தியேட்டர், ஜூலை 12-இல் நெட்பிளிக்ஸ். இரண்டுக்கும் சரியாக 28 நாள். 'அமரன்' ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. இந்த இடைவெளியை எட்டு வாரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுத் தியேட்டர் உரிமையாளர்கள் கேட்டு வருகிறார்கள்.

மலேசியாவில் இருக்கும் நமக்கு இன்னொரு சங்கதி. இந்தியாவில் சொல்லும் தேதியே இங்கேயும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். 'லியோ' நெட்பிளிக்ஸில் இந்தியாவுக்கு 2023 நவம்பர் 24-இல் வந்தது, மற்ற நாடுகளுக்கு நவம்பர் 28-இல்தான். சில படங்களின் உரிமை இங்கே வேறு தளத்திடம் போய்விடுவதும் உண்டு. யூடியூபில் பார்த்த விளம்பரத்தை நம்பிச் சந்தா கட்டுவதற்கு முன், அந்தப் படம் மலேசியாவில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

சரி, கணக்கு போடுவோமா?

போன மாதம் நீங்கள் முழுதாகப் பார்த்து முடித்த படங்களையும் தொடர்களையும் எண்ணுங்கள். பாதியில் விட்டதையும், பாத்திரம் கழுவும்போது ஓடவிட்டதையும் சேர்க்க வேண்டாம். சந்தாத் தொகையை அந்த எண்ணால் வகுங்கள்.

40 ரிங்கிட் சந்தாவில் ஐந்து படம் பார்த்திருந்தால் படத்துக்கு 8 ரிங்கிட், அதுவும் குடும்பத்துக்கே. தாராளமாகத் தொடரலாம். ஒரே ஒரு படம் பார்த்திருந்தால் அந்தப் படத்துக்கு 40 ரிங்கிட் கொடுத்திருக்கிறீர்கள். யோசிக்க வேண்டும். ஒன்றுமே பார்க்கவில்லையா? இன்றைக்கே நிறுத்துங்கள்.

மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்திருப்பதற்குப் பதில் மாதம் ஒன்றாக மாற்றி மாற்றிக் கட்டலாம். தலா 40 ரிங்கிட் என்றால் வருடச் செலவு 1,440-இலிருந்து 480 ரிங்கிட்டாகக் குறையும். மிச்சம் 960 ரிங்கிட். நான்கு வாரம் பொறுத்த படத்துக்கு இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் குடி முழுகிவிடாது.

கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

- வரி: வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் 6 விழுக்காடு சேவை வரி இருந்தது. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. காட்டும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.
- இரட்டைக் கட்டணம்: அஸ்ட்ரோ, யூனிஃபை தொகுப்புகள் சிலவற்றில் நெட்பிளிக்ஸ் சேர்ந்தே வருகிறது. அது தெரியாமல் தனியாகவும் கட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று பில்லை எடுத்துப் பாருங்கள்.
- மலிவுத் திட்டம்: 2019-இல் நெட்பிளிக்ஸ் 17 ரிங்கிட்டுக்குக் கைப்பேசித் திட்டத்தை இங்கே கொண்டுவந்தது. இந்த வகைத் திட்டம் கைப்பேசி, டேப்லெட்டுக்கு மட்டுமே. தனியாக இருப்பவருக்குச் சரி, குடும்பமாக டிவியில் பார்க்க உதவாது.
- பாஸ்வேர்டு பகிர்வு: பிள்ளை கோலாலம்பூரில் படிக்கிறார், வீட்டு அக்கவுண்டைப் பயன்படுத்தட்டும் என்று விட முடியாது. 2023 மே மாதம் நெட்பிளிக்ஸ் இதைக் கட்டுப்படுத்தி, வேறு வீட்டில் இருக்கும் ஒருவரைச் சேர்க்க மாதம் 13 ரிங்கிட் என்று அறிவித்தது.
- நிறுத்துவது: மாதச் சந்தாவை இன்று ரத்து செய்தாலும், பொதுவாகக் கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம். கட்டிய அன்றே ரத்து செய்துவிட்டால் மறந்துபோய்க் காசு போகாது. தொகுப்பில் வாங்கியிருந்தால் ஒப்பந்தக் காலத்தை முதலில் படியுங்கள்.
- இலவசம்: ஆர்.டி.எம். கிளிக் செயலிக்குச் சந்தா கிடையாது. நம் நாட்டுத் தமிழ் நிகழ்ச்சிகளைத் தேடுபவர்கள் முதலில் அங்கே பார்க்கலாம்.

"ஒரே பெட்டியில் எல்லாம் கிடைக்குதே?"

எல்லாப் படமும் இலவசம் என்று சொல்லி விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகளைப் பற்றியும் கேட்கிறீர்கள். திருட்டு ஒளிபரப்புக்கு வழிசெய்யும் சாதனங்களை விற்பதும் விநியோகிப்பதும் 2022-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அபராதம் 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை, 20 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். அதோடு, முன்பணம் வாங்கியவர் காணாமல் போனால் புகார் கொடுக்கவும் வாய் வராது.

முடிவாக

'ஒரிஜினல்' படங்களுக்காக மட்டும் வருடம் முழுதும் சந்தா கட்டுவது தமிழ்ப் படம் பார்க்கும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. தியேட்டர் படங்களை வீட்டில் பார்க்கவும், நல்ல தொடர் வரும்போது பார்க்கவும் ஒரு நேரத்தில் ஒரு சந்தா போதும்.

இந்தச் சனிக்கிழமை ரிமோட்டை எடுப்பதற்கு முன் வங்கிக் கணக்கைத் திறந்து, மாதம் எத்தனை சந்தா போகிறது என்று ஒரு தடவை பாருங்கள். மிச்சப்படும் காசில் வருடத்துக்கு ஏழெட்டுத் தடவை குடும்பத்தோடு ஸ்கூடாய் போய்ப் பெரிய திரையிலேயே படம் பார்த்துவிட்டு வரலாம்.