எலெக்ட்ரானிக் சிட்டியும் 2008ஆம் ஆண்டு நெருக்கடியும்

இந்திய நிதித்துறையின் வரலாறு பெரும்பாலும் மும்பையிலிருந்தே எழுதப்படுகிறது. ஆயினும் உலக நிதி நெருக்கடிகள் இந்தியாவிற்குள் நுழைந்த வழிகளுள் ஒன்று, பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையை ஒட்டியுள்ள எலெக்ட்ரானிக் சிட்டி.

1970களின் பிற்பகுதியில் ஆர்.கே. பாலிகா தலைமையிலான கியோனிக்ஸ் என்னும் கர்நாடக அரசு நிறுவனம், கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் 332 ஏக்கர் நிலத்தில் இதனை உருவாக்கியது. அன்றைய நோக்கம் மின்னணுத் தொழில் வளர்ச்சி, நிதிச்சேவை அன்று.

திசையை மாற்றியது 1991ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடி. அவ்வாண்டு ஜூலையில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கம் வெளிநாட்டில் அடகு வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாடு நீங்கியது. நிறுவனங்கள் தம் பங்கின் விலையைத் தாமே முடிவு செய்யலாயின. 1993இல் இன்ஃபோசிஸ் தன் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 95 ரூபாய்க்கு வெளியிட முடிந்தது இதனாலேயே. பின்னர் இந்நகரில் தலைமையகம் கொண்ட அந்நிறுவனத்தின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அயல்நாட்டு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அளித்த பணிகளிலிருந்து வரலாயிற்று.

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தது. அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்களில் அதிகம் முதலிடாத இந்திய வங்கிகள் பெரும் இழப்பிலிருந்து தப்பின. வங்கிகளின் ஐந்தொகையில் புலப்படாத அதிர்ச்சி, மென்பொருள் நிறுவனங்களின் வருவாய்க் கணக்கில் புலப்பட்டது. இன்ஃபோசிஸின் டாலர் வருவாய் 2007-08இல் சுமார் 35 விழுக்காடு வளர்ந்திருந்தது. அவ்வளர்ச்சி அடுத்த ஆண்டு 12 விழுக்காடாகவும் 2009-10இல் 3 விழுக்காடாகவும் சுருங்கியது.

ஆனால் ரூபாய்க் கணக்கு வேறு கதை சொன்னது. 2008இன் தொடக்கத்தில் 40 ரூபாய்க்கும் குறைவாக இருந்த டாலர், ஆண்டிறுதிக்குள் 50 ரூபாயைத் தொட்டது. எனவே 2008-09இல் ரூபாயில் கணக்கிட்ட வருவாய் சுமார் 30 விழுக்காடு உயர்ந்தது. நெருக்கடி உண்டாக்கிய நாணயச் சரிவே அதன் தாக்கத்தைக் கணக்கேட்டில் மறைத்தது.

அந்த மறைப்பு வேலை தேடியவர்களுக்கு உதவவில்லை. மென்பொருள் துறையெங்கும் ஆளெடுப்பு குறைந்தது. கல்லூரி வளாகத் தேர்வில் வேலை உறுதிபெற்ற மாணவர் பலரின் பணியேற்பு நாள் தள்ளிப்போனது. இந்தியா தப்பியது என்னும் கூற்று வங்கிகளைப் பொறுத்தவரை சரியே. எந்த நாணயத்தில், யாருடைய கணக்கில் தப்பியது என்று வினவும்போதே அதன் வரலாறு முழுமை பெறும்.