குடலில் குடியிருப்போர்

தர்மபுரி கேழ்வரகு விளையும் மண். 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து அது தனி மாவட்டமாகப் பிரிந்த காலத்தில், அங்குள்ள பல சிற்றூர்களில் களியும் கூழுமே அன்றாட உணவு. பின்னர் நியாய விலைக் கடை அரிசி வந்தது. களி கிண்டும் துடுப்பு மூலையில் சாய்ந்தது. 2023-ஆம் ஆண்டில் அதே நியாய விலைக் கடைகளில், நீலகிரியிலும் தர்மபுரியிலும் முதன்முதலாக, அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. விட்டுப் போன தானியம் அரசாங்கப் பையில் வீடு திரும்பியது எனலாம்.

"கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி; அதற்காகத்தான்" என்பீர்கள். உண்மையே. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் அந்தக் களியை நீங்கள் மட்டுமா உண்கிறீர்கள்? நம் செரிமான நீர்களால் கரைக்க இயலாத நார்ப்பொருளும், மாவுப் பொருளில் ஒரு பகுதியும் சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே பாக்டீரியாக்கள் பந்தியில் உட்கார்ந்து காத்திருக்கின்றன. ஒரு மனிதனின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. நம் உடலின் சொந்த உயிரணுக்களும் ஏறக்குறைய அதே அளவுதான். அத்தனை பாக்டீரியாக்களையும் ஒன்றுசேர்த்து நிறுத்தால் 200 கிராம் தேறும்!

இவை நமக்கு நண்பர்களா, பகைவர்களா? இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் விடை தேடிய வரலாற்றின் முக்கியமான பகுதி ஒன்று தர்மபுரிக்கு அண்டையிலிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்தில்தான் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன், பாரிஸ் வரை ஒருமுறை போய் வருவோம்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பாஸ்டர் நிலையத்தில் மெட்ச்னிகாஃப் என்ற விஞ்ஞானி பணியாற்றி வந்தார். வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்தமைக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் உணவை அழுகச் செய்து நஞ்சை உண்டாக்குகின்றன, முதுமைக்கு அதுவே காரணம் என்று அவர் நம்பினார். தயிரிலுள்ள பாக்டீரியாக்கள் அந்த அழுகலைத் தடுக்கும் என்பது அவர் சொன்ன மருந்து. (தயிர் உண்ண நமக்கு ஒரு ருஷ்யர் சொல்லித் தர வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.) லண்டனில் ஆர்புத்நாட் லேன் என்ற அறுவை மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே போய், பலருக்குப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார்! குடலில் கிருமி இருந்தால் அது கேடு என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

இனி வட ஆர்க்காட்டுக்கு வருவோம். 1960-ஆம் ஆண்டை ஒட்டி அம்மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு விநோத நோய் பரவியது. முதலில் சாதாரணப் பேதி போலத் தொடங்கும், ஆனால் நிற்காது. வாரங்கள் மாதங்களாகும். மலம் வெளிறி, கொழுப்புடன் போகும்; நாக்குப் புண்ணாகும்; உடல் மெலியும்; சோகை பிடிக்கும். தின்ற சோறு உடம்பில் ஒட்டுவதில்லை. உயிரிழந்தவர்களும் பலர். வெப்ப நாட்டு 'ஸ்ப்ரு' எனப்படும் நோய் இது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் வரும் நோயென்று மேனாட்டுப் புத்தகங்கள் எழுதியிருந்தன. இங்கோ ஊர் ஊராகக் குடியானவர்களை அது வீழ்த்திக்கொண்டிருந்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோர் தம் குழுவினருடன் அந்தக் கிராமங்களுக்குச் சென்று நோயை ஆராய்ந்தனர். அக்காலத்தில் அவர்களுக்கு உதவிய கருவி ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 1957-இல் அமெரிக்காவில் கிராஸ்பி என்பவர் உருவாக்கிய சிறு உலோகக் குளிகை அது. மெல்லிய குழாய் பொருத்திய அந்தக் குளிகையை நோயாளி விழுங்குவார். அது சிறுகுடலை அடைந்ததும் குழாய் வழியே காற்றை உறிஞ்சுவார்கள். குடலின் உட்சுவரில் ஒரு கடுகளவு குளிகையின் துளைக்குள் இழுபடும். உள்ளேயிருக்கும் கத்தி அதைச் சட்டென்று நறுக்கும். வயிற்றைக் கிழிக்காமலே குடலின் துணுக்கு கைக்கு வந்துவிடும்.

அத்துணுக்குகளை உருப்பெருக்கியில் பார்த்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. சிறுகுடலின் உட்சுவரில் உணவுச் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் உண்டு. நோயாளிகளிடம் அவை சிதைந்திருந்தன, இது எதிர்பார்த்ததே. ஆனால், எந்த நோயுமில்லை என்று சொன்ன ஊர்க்காரர்களிடமும் அவை மேனாட்டுப் படங்களில் உள்ளது போல் இல்லை. விரலாக இராமல் இலை போலவும் வரப்பு போலவும் குட்டையாக இருந்தன. பின்னர் சிறுகுடல் நீரை எடுத்துப் பாக்டீரியாக்களைத் தேடினார்கள். 1972-இல் வெளியான முடிவும் அப்படியே. மேனாட்டு நூல்களின்படி ஏறக்குறைய வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில், நலமாக இருந்தவர்களிடமும் பாக்டீரியாக்கள் கணிசமாகக் குடியிருந்தன. இதோ குற்றவாளி என்று ஒரு கிருமியைப் பிடித்து நிறுத்த இயலவில்லை.

இயற்கையான குடல் என்பது எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. குடிக்கும் நீரும் வாழும் சூழலும் அதைச் செதுக்குகின்றன. வேலூர் நமக்குக் கற்றுத் தந்த முதல் பாடம் இது. என்னைக் கேட்டால், ஒரு கிருமியைக் கண்டுபிடிப்பதைக் காட்டிலும் இதுவே பெரிய கண்டுபிடிப்பு.

அப்படியானால் அந்தப் பாக்டீரியாக்கள் சும்மா தின்றுகொண்டிருந்தனவா? இங்கே பி-12 என்ற உயிர்ச்சத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இரத்தம் ஊறவும் நரம்புகள் செயல்படவும் இது வேண்டும். செடி கொடிகள் இதைச் செய்வதில்லை, விலங்குகளும் செய்வதில்லை. உலகில் இதை உண்டாக்கத் தெரிந்தவை பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களே. நம் பெருங்குடலிலும் அவை இதைச் செய்கின்றன. ஆனால் பி-12 உடலில் சேர்வது சிறுகுடலின் கடைப்பகுதியில். பெருங்குடலோ அதற்கு அப்பால். கடைமடையைத் தாண்டிய தண்ணீர் வயலுக்கு எப்படித் திரும்பும்? இந்தப் புதிரில்தான் வேலூர் இரண்டாம் முறை கை வைத்தது. ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நலமாக உள்ள தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் பாக்டீரியாக்களில் சில வகைகள் பி-12-ஐக் கணிசமாக உண்டாக்க வல்லவை என்று அவர்கள் காட்டினார்கள். சிறுகுடலிலேயே உண்டானால் உடலில் சேரவும் வாய்ப்புண்டு அல்லவா? இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டவை, சத்தைச் சமைத்துத் தருபவையாகவும் இருக்கலாம் என்றாயிற்று.

இதைக் கேட்டு, இனி பாலும் முட்டையும் வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். நம் நாட்டில் பி-12 குறைபாடு பரவலாக உள்ளது. பாக்டீரியாக்களின் படியளப்பு எல்லார்க்கும் போதுவதில்லை.

மூன்றாம் கதை காலராவைப் பற்றியது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் காலரா நோயாளியைக் காப்பாற்றும். ஆனால் பேதியின் அளவைக் குறைக்காது. வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் பெருங்குடலைத் துணைக்கு அழைத்தார்கள். செரிக்காத மாவுப் பொருளைப் பாக்டீரியாக்கள் புளிக்கச் செய்யும்போது சிறு கொழுப்பமிலங்கள் உண்டாகின்றன. பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்ச அவை தூண்டுகின்றன. ஆகவே எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவை உப்பு–சர்க்கரை நீரில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். 48 நோயாளிகளை மூன்று பிரிவாக்கிச் செய்த இச்சோதனை 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மாவு கலந்த நீரைக் குடித்தவர்களுக்குப் பேதி குறைந்தது, விரைவில் நின்றது. உயிர் காக்கும் வேலையில் பாக்டீரியாக்களும் கூலியின்றி உழைத்தன.

உடல் எடை, மனநிலை என்று இப்போது பேசப்படுவனவெல்லாம் இதன் தொடர்ச்சியே. 2004-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர், கிருமியே இன்றி வளர்த்த எலிகளுக்குச் சாதாரண எலியின் குடல் பாக்டீரியாக்களைக் கொடுத்தனர். இரண்டே வாரத்தில், முன்னைவிடக் குறைவாக உண்டும், அவற்றின் உடற்கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடியது. அதே ஆண்டில் ஜப்பானில் சூடோ குழுவினர், கிருமியின்றி வளர்ந்த எலிகள் சிறு நெருக்கடிக்கும் அளவு கடந்து பதறுவதைக் கண்டனர். ஒருவகைப் பாக்டீரியாவைக் கொடுத்ததும் பதற்றம் தணிந்தது. மனிதரிடத்தில் இந்த அளவு தெளிவு இன்னும் இல்லை. மன உற்சாகத்தோடு தொடர்புபடுத்தப்படும் செரடோனின் என்னும் பொருளில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் உண்டாவது மெய். ஆனால் அது மூளைக்குள் நேராகப் புகுவதில்லை. உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு: பி-12 மிகக் குறைந்தால் மறதி, எரிச்சல், மனச்சோர்வு வரலாம். அது குடலிலிருந்து மனத்துக்குப் போகும் நேரான சாலை. எடையைக் குறைக்கும், கவலையைப் போக்கும் என்று விற்கப்படும் பாக்டீரியா மாத்திரைகளுக்கு அப்படியொரு சாலை இன்னும் போடப்படவில்லை.

கூழுக்கு என்ன பலன் என்கிறீர்களா? கரைத்துப் புளிக்க வைத்த மாவில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகும். அடுப்பில் ஏற்றியதும் அவை மடிந்துவிடும். புளிப்பு மட்டும் நிற்கும். ஆனால் கிண்டியதை நீரில் போட்டு மற்றோர் இரவு வைத்து, காலையில் மோர் ஊற்றிக் கரைக்கும்போது புதியவை வந்து சேருகின்றன. வெந்து ஆறிய மாவில் ஒரு பகுதி கெட்டிப்பட்டுச் செரிக்காத மாவாகவும் மாறியிருக்கும். அது நமக்கல்ல, பெருங்குடலில் பந்திக்குக் காத்திருப்பவர்களுக்கு.