மண்டகப்படியும் சைக்கிள் பந்தயமும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரமில்லாத நேரத்தில் படியுங்கள்.

2026 ஜனவரியில் புனே மாவட்டத்தில் ஒரு பெரிய சைக்கிள் பந்தயம் நடந்தது. பெயர் புனே கிராண்ட் டூர். ஐந்து நாட்கள், 437 கிலோமீட்டர். பன்னாட்டு சைக்கிள் ஒன்றியத்தின் 2.2 என்ற தரத்தில், பல கட்டங்களாக இந்தியாவில் நடந்த முதல் தொழில்முறைப் பந்தயம் அதுதான். அதைப் பார்த்துவிட்டு என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். சிறுசேரியில் வேலை பார்க்கிறார், சனி ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆரில் சைக்கிள் மிதிப்பவர். "சார், இந்த மாதிரி ஒரு ரேஸ் கோவளம், மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டுன்னு நம்ம பக்கம் வந்தா எப்படி இருக்கும்? வந்தா நம்ம ஊருக்கு என்ன கிடைக்கும்?"

இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடினால் நூற்றிருபது ஆண்டு வரலாறு கிடைக்கிறது. பிரான்ஸ் நாட்டில் தொடங்கி நம் பாலாற்றங்கரையில் முடிகிற வரலாறு.

முதலில் பிரான்ஸ். உலகத்தின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் 1903-ல் தொடங்கியது. தொடங்கியவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்ல, ஒரு பத்திரிகை. 'லோட்டோ' என்ற அந்த விளையாட்டு நாளிதழ் போட்டிப் பத்திரிகையோடு மல்லுக்கட்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ஜியோ லெஃபெவ்ர் என்ற இளம் நிருபர், நாட்டையே சுற்றி வருகிற ஒரு சைக்கிள் பந்தயம் வைக்கலாம் என்று யோசனை சொன்னார். ஆசிரியர் ஹென்றி டெக்ரான்ஜ் துணிந்து இறங்கினார். 1903 ஜூலை 1 அன்று பாரிசுக்கு அருகில் மோன்ழெரோன் என்ற சிற்றூரில், ஒரு காபிக்கடை வாசலிலிருந்து 60 பேர் புறப்பட்டார்கள். ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். பாரிசிலிருந்து லியோன் வரையான முதல் கட்டம் மட்டும் 467 கிலோமீட்டர்! ராத்திரி பகலாக மிதித்தார்கள். கடைசியில் பாரிசுக்குத் திரும்பி வந்து சேர்ந்தவர்கள் 21 பேர். வென்றவர் மொரீஸ் கரான், இளமையில் புகைபோக்கி சுத்தம் செய்து பிழைத்தவர். பத்திரிகை விற்பனை பல மடங்கு ஏறியது. அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சாகும். முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டை 1919-ல் வந்தது இப்படித்தான் என்பார்கள்.

இதில் 'ஸ்டேஜ்' என்பதை நாம் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் ஓரூரில் புறப்பட்டு இன்னோர் ஊரில் முடியும். மறுநாள் அடுத்த கட்டம். எந்த ஊரில் புறப்படுவது, எந்த ஊரில் முடிவது என்பதுதான் ஊர்களுக்குள் போட்டி. ஊராட்சிகளும் நகராட்சிகளும் முன்கூட்டியே விண்ணப்பம் போட்டு, பணமும் கட்டி, "எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று காத்திருக்கின்றன. மலையடிவாரத்தில் இருக்கும் போ என்ற நகரம் எழுபது தடவைக்கு மேல் அப்படி விருந்தளித்திருக்கிறது. பந்தயம் கடந்துபோகிற சிற்றூர்களில் ஜனங்கள் காலையிலேயே பாதையோரம் சாப்பாட்டு மூட்டையோடு உட்கார்ந்துவிடுவார்கள். டிக்கெட் கிடையாது. விவசாயிகள் தங்கள் வயலில் வைக்கோலையும் டிராக்டரையும் அடுக்கி ராட்சச சைக்கிள் உருவங்கள் செய்வார்கள், வானிலிருந்து எடுக்கும் படத்தில் தெரிய வேண்டும் என்று. சாமி வருகிற தெருவில் நம் பெண்கள் கோலம் போடுவதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

விருந்து எப்போதும் இனிப்பாகவும் இருக்கவில்லை. 1904-ல், அடுத்த ஆண்டே, செயின்ட் எத்தியேன் பக்கத்து மலைப்பாதையில் உள்ளூர் வீரர் முன்னால் போனதும் ஊர்க்காரர்கள் வழியை மறித்து, பின்னால் வந்த கரானையும் மற்றவர்களையும் அடித்தார்கள். நீம் நகரத்திலும் கலாட்டா. விருந்துக்கு அழைத்தவனே கம்பெடுத்த கதை. ஊர்ப்பாசம் இரண்டு பக்கமும் வெட்டும்.

இன்னொரு கதை எனக்கு மிகப் பிடித்தது. வகுப்பில் சொல்லியிருந்தால் மணி அடித்த பிறகும் நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள். 1913-ல் பிரனீஸ் மலையில் தூர்மலே கணவாயைத் தாண்டி இறங்கும்போது, வெற்றி பெறக்கூடிய நிலையில் இருந்த யூஜின் கிறிஸ்டோஃப் என்பவரின் சைக்கிள் முன் ஃபோர்க் முறிந்தது. பழுதை வீரர் தானேதான் சரிசெய்ய வேண்டும், யாரும் உதவக்கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, செயின்ட் மரி டி காம்பான் என்ற மலைக்கிராமத்தில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்தார். பந்தய அதிகாரிகள் சுற்றி நின்று பார்க்க, தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து ஃபோர்க்கைச் சரிசெய்தார். அவருக்கு இரண்டு கைதானே? பட்டறையிலிருந்த ஒரு சிறுவன் துருத்தி ஊதினான். உதவி பெற்ற குற்றத்துக்கு அவருக்கு நேரத் தண்டனை விதித்தார்கள்! மணிக்கணக்கில் நேரம் போயும் பந்தயத்தை முடித்து ஏழாவதாக வந்தார்.

அந்த ஆண்டு வென்றவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் அந்தக் கிராமத்தில் பட்டறை இருந்த இடத்தில் இன்றும் நினைவுப் பலகை இருக்கிறது. பந்தயம் அந்த ஊரை ஒரு நிமிடத்தில் கடந்திருக்க வேண்டியது. ஒரு பையன் துருத்தி ஊதியதால் நூறு ஆண்டுக்கும் மேலாக அங்கேயே தங்கிவிட்டது. ஊருக்கு அந்தப் பந்தயத்தில் ஒரு வேலை இருந்தது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

கட்டம் கட்டமாகப் போவதும், வழியிலுள்ள ஊர் ஒவ்வொன்றும் முறைவைத்து விருந்தளிப்பதும் நமக்குப் புதிதா? காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பொங்கலை ஒட்டிப் பழையசீவரத்துக்குப் பார்வேட்டை வருவது உங்களில் பலருக்குத் தெரியும். முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் வழியாக இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம். வழியெல்லாம் மண்டகப்படி. மாட்டுப் பொங்கலன்று பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, பிறகு அவ்வூர் லட்சுமி நரசிம்மரோடு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற அந்த இடத்துக்குச் சாலவாக்கத்திலிருந்தும் காவாந்தண்டலத்திலிருந்தும் பெருமாள்கள் வந்து சேர, திருமுக்கூடல் பெருமாளோடு ஐந்து பேரும் சேர்ந்து காட்சி தருவார்கள். இவையெல்லாம் இன்று காஞ்சிபுரம் மாவட்டம். 1997-க்கு முன்னால் பழைய செங்கல்பட்டு மாவட்டம். ஆகவே நம் கதைதான்.

மண்டகம் என்றால் மண்டபம். படி என்பது அங்கே செய்யும் நிவேதனத்துக்கான அளவு, செலவு. இந்த மண்டகப்படி இந்தத் தெருவுக்கு, அடுத்தது நெசவாளர்களுக்கு, அதற்கடுத்தது வணிகர்களுக்கு என்று முறை இருக்கும். பந்தல் போடுவது யார், பானகம் கரைப்பது யார், தீவட்டி பிடிப்பது யார் என்பதெல்லாம் தீர்மானமாகியிருக்கும். சாமி பத்து நிமிடம்தான் நிற்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கு அந்தத் தெருதான் சொந்தக்காரன். செலவும் அவனுடையது, மரியாதையும் அவனுடையது. பிரான்ஸ் ஊர்கள் பணம் கட்டிக் கட்டம் கேட்பதை நம் பாட்டியிடம் விளக்க வேண்டுமானால், "அது அவங்க ஊரு மண்டகப்படி" என்றால் போதும், புரிந்துவிடும்.

நம் முறையிலும் கசப்பு உண்டு, மறைக்கக் கூடாது. மண்டகப்படி உரிமைக்காக நீதிமன்றம் வரை போன ஊர்கள் உண்டு. தேரும் சாமியும் சில தெருக்களுக்குள் தலைமுறை தலைமுறையாகத் திரும்பாமலே போனதும் உண்டு. பாதையை வரைகிறவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எந்தத் தெரு வழியாக வருகிறது என்பதைப் பார்த்தாலே, அந்த ஊரில் யாரை ஊராக எண்ணுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

மாமல்லபுரமும் விருந்தாளிக்குப் புதிதில்லை. ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு இருளர் மக்கள் பல மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, கடற்கரையில் புடவையால் கூடாரம் கட்டித் தங்கி, கன்னியம்மனை வணங்கிப் போகிறார்கள். கல்யாணம்கூட அங்கேயே நடக்கும். அழைப்பிதழ் கிடையாது, வரவேற்பு வளைவு கிடையாது.

அண்மைக் காலத்தில் பெரிய விருந்தாளிகளும் வந்தார்கள். 2019 அக்டோபரில் நம் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தார்கள். ஊர் பளபளவென்று ஆனது. அந்த நாட்களில் கடைகள் மூடியிருந்தன. சொந்த ஊர் விழாவை ஊர்க்காரர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2022-ல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடக்க வேண்டியது, உக்ரைன் போரால் இடம் மாறி நம்மிடம் வந்தது. 186 நாடுகள். நம் இந்திய 'பி' அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் வென்றன. குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' ஊரெங்கும் கைகூப்பி நின்றது. ஆட்டம் நடந்தது பூஞ்சேரி பக்கத்து நட்சத்திர விடுதிக்குள். ஆனாலும் அரசுப் பள்ளிகளில் செஸ் போட்டி நடத்தி, பிள்ளைகள் கையில் காய்களைக் கொடுத்தார்கள் அல்லவா, அதுதான் அந்த விழாவின் மண்டகப்படி என்பேன்.

அலைச்சறுக்கு இன்னும் நல்ல உதாரணம். 2023 ஆகஸ்டில் ஒரு சர்வதேசப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பும் மாமல்லபுரத்தில் நடந்தன. ஆசியப் போட்டியில் கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்தக் கடலில் எங்கே அலை உடையும், எப்போது காற்று திரும்பும் என்பதெல்லாம் குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளே பலகையோடு இறங்கிப் போட்டியிடுகிறார்கள், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே ஊர் வேடிக்கை பார்க்கவில்லை.

சைக்கிளுக்கும் நமக்கும் உறவு இல்லாமலா? 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை இருந்த அம்பத்தூர் அன்று செங்கல்பட்டு மாவட்டம்தான். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ என்று நாடு முழுக்க ஓடிய வண்டிகள் நம் மாவட்டத்தில் செய்தவை. பிறகு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு, பின்னர் மற்ற மேல்நிலை மாணவர்களுக்கும். பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிடுமோ என்று நான் பயந்த பெண் பிள்ளைகள், சைக்கிள் வந்த பிறகு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியதைக் கண்ணால் பார்த்தவன் நான். உங்களில் சிலருக்கு அது உங்கள் கதையே.

அந்தப் பிள்ளைகள் ஈசிஆரைக் கடக்கும்போது எப்படிக் கடப்பார்கள்? சைக்கிளை விட்டிறங்கி, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் நாலைந்து முறை பார்த்து, ஓட்டமும் நடையுமாகக் கடப்பார்கள். பல இடங்களில் குப்பம் சாலைக்கு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறுபக்கம். சைக்கிளுக்கென்று தனிப் பாதை கிடையாது.

எனவே, "நம்ம ஊருக்கு என்ன கிடைக்கும்?" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். பந்தயம் வந்தால் ஹோட்டல் அறைகள் நிரம்பும், இளநீர் விற்கும், டிரோன் படத்தில் கடற்கரைக் கோவில் அழகாகத் தெரியும். அதெல்லாம் ஒரு நாள். இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதிக்கு 2014-ல் டூர் டி பிரான்ஸ் இரண்டு கட்டங்கள் வந்தது. ஊர் ஊராக மஞ்சள் சைக்கிள் தொங்கவிட்டுக் கொண்டாடினார்கள். பிறகு சொந்தமாகவே ஒரு பந்தயம் தொடங்கினார்கள். 2019-க்குப் பின் அது நடக்கவில்லை. முன்னின்று நடத்திய சுற்றுலா அமைப்பே 2022-ல் திவாலானது. விருந்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இலை எடுத்த பிறகு வீட்டில் என்ன மிச்சம் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் அந்தப் பந்தயம் நம் சாலைக்கு வரட்டும். அப்போது நம் ஊராட்சிகள் மூன்று விஷயம் கேட்க வேண்டும்.

ஒன்று, பாதையை வரையும்போது ஊரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். குப்பத்தையும் சேர்த்து.

இரண்டு, எங்களுக்கு வேலை கொடுங்கள். வழிகாட்ட, தண்ணீர் கொடுக்க, பழுது பார்க்க. மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி இருக்கிறது. வெற்றிக் கோப்பையை நம் சிற்பிகள் கல்லில் செதுக்கட்டும். தடுப்புக் கம்பிக்குப் பின்னால் நிற்க மட்டும் கூப்பிடாதீர்கள்.

மூன்று, பந்தயத்துக்காகப் போடும் சாலையில், பந்தயம் போன பிறகும் பள்ளிப் பிள்ளைகள் பயமில்லாமல் மிதிக்க ஒரு தனிப் பாதை இருக்கட்டும். பந்தயம் ஒரு நாள். பள்ளிக்கூடம் ஆண்டுக்கு இருநூறு நாளுக்கு மேல்.

இந்த மூன்றும் கிடைத்தால் அது நம் மண்டகப்படி. கிடைக்காவிட்டால் யாரோ வீட்டுக் கல்யாண ஊர்வலம் நம் தெரு வழியாகப் போனது, அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் உங்கள் தெருவுக்கோ குடும்பத்துக்கோ எந்த மண்டகப்படி, அதில் உங்கள் வீட்டுக்கு என்ன வேலை என்று எழுதுங்கள். பெரியவர்களிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. ஈசிஆரில் சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகளே, ஹெல்மெட்டும் பின்விளக்கும் இல்லாமல் கிளம்பாதீர்கள். இது வாத்தியார் உத்தரவு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்