முகத்துப் பள்ளமும் ஓர் ஊசியும்

போன மாதம் திண்டிவனத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பேத்திக்குத் தை மாதம் கல்யாணம்.

"கண்ணுக்குக் கீழே பள்ளமா இருக்கு தாத்தா. விழுப்புரத்துல ஒரு பார்லர்ல ஃபில்லர் ஊசி போடறாங்களாம். அரை மணி நேர வேலைதான்" என்றாள்.

அது என்னவென்றே எனக்குத் தெரியாது. விழுப்புரம் திரும்பியதும் தேடிப் படித்தேன்.

இந்த ஆசை பழையது. 1893-இல் ஜெர்மானிய மருத்துவர் நாய்பர், நோயாளியின் கையிலிருந்தே கொழுப்பை எடுத்து முகத்தழும்புப் பள்ளங்களை நிரப்பினார். 1899-இல் வியன்னாவின் கெர்சுனி வாசலினை ஊசியில் ஏற்றினார். பிறகு பாரஃபின் மெழுகு முகத்துக்கும் வந்தது. மெழுகு இடம் மாறியது, கட்டி தட்டியது. கிளாடிஸ் டீக்கன் என்ற பேரழகி மூக்கில் ஏற்றிக்கொண்ட மெழுகு முகவாய்க்கு இறங்கி, முகமே கெட்டுப்போனது. திரும்ப எடுக்க வழியில்லை.

இதெல்லாம் வெறும் பகட்டு என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. நம் வேலூர் சி.எம்.சி.க்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைச் சரிசெய்தார். கை சரியானாலும் முகத்தைப் பார்த்து ஊர் ஒதுக்கியது. அதனால் சரிந்த மூக்கை நிமிர்த்தினார். தலைமுடியுள்ள தோலைக்கொண்டு புருவம் வைத்தார். முகம் என்பது பிழைப்பும்தான்.

இன்றைய ஃபில்லர் பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலம். நம் தோலிலும் மூட்டிலும் இயல்பாக இருப்பது. 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 2003-இல் அமெரிக்கா இதை முகச் சுருக்கத்துக்கு அனுமதித்தது. நாளடைவில் தானே கரையும். தவறினால், ஹையலூரானிடேஸ் என்ற மருந்தால் உடனே கரைக்கவும் முடியும். மெழுகுக்கு இல்லாத வசதி இது.

ஆனால் ஊசி ரத்தக் குழாயில் இறங்கிவிட்டால் அங்கே தோல் கருகும். முகத்துக் குழாய்கள் கண்ணின் குழாய்களோடு இணைந்தவை. அரிதாகப் பார்வையே போவதுண்டு. போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

பேத்திக்குப் போன் செய்தேன். "மூணு கேள்வி கேளும்மா. ஊசி போடறவர் தோல் டாக்டரா? மருந்து டப்பாவை உன் எதிரே பிரிப்பாங்களா? கரைக்கிற மருந்து கைவசம் இருக்கா?"

மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

"மூணுக்கும் சரியான பதில் இல்ல தாத்தா. தோல் டாக்டரைப் பாத்துட்டு முடிவு பண்றேன். நீங்களும் கூட வாங்க."

வருகிற திங்கட்கிழமை போகிறோம்.