தைராய்டு புற்றுநோய் கழுத்து நிணநீர் முடிச்சுக்குப் பரவுவது ஏன்? மரபணுக்கள் தரும் விளக்கம்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. அதில் தோன்றும் புற்றுநோய்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு 'பாப்பிலரி' வகையைச் சேர்ந்தவை. இது பெரும்பாலும் மெதுவாக வளரும். ஆனால், கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும் இயல்பு இதற்கு அதிகம்.

"பரவிவிட்டது" என்று மருத்துவர் சொன்னதுமே குடும்பம் கலங்கிப்போகிறது. இந்த நோயில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன?

நம் உடலின் உயிரணுக்களில் பெரும்பாலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் உள்ளது. அவற்றுள் எவை இயங்குகின்றன, எவை அடங்கியிருக்கின்றன என்பதே தைராய்டு உயிரணுவைத் தோல் உயிரணுவிலிருந்து வேறுபடுத்துகிறது. இதுவே மரபணு வெளிப்பாடு. இயங்கும் மரபணு ஆர்.என்.ஏ. என்னும் நகலை உருவாக்கும். அந்த நகலை அளந்தால் மரபணுவின் இயக்கம் தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் திட்டம் 496 பாப்பிலரி கட்டிகளை ஆராய்ந்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டது. ஏறத்தாழ 60 விழுக்காட்டுக் கட்டிகளில் 'பிராஃப்' என்னும் மரபணு மாறியிருந்தது. இம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று. வாழ்நாளில் சுரப்பியின் உயிரணுவில் ஏற்படுவது.

பரவல் எப்படி நிகழ்கிறது?

பிராஃப் மாறினால், 'வளர்' என்ற கட்டளை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்கள் குறையலாம். சுற்றியுள்ள திசுவை அரிக்கும் நொதிகள் கூடலாம். நிணநீர்க் குழாய்களை வளரத் தூண்டும் 'வி.இ.ஜி.எஃப்.-சி' என்னும் புரதம், முடிச்சுகளுக்குப் பரவிய கட்டிகளில் மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. பிரிந்த உயிரணுக்கள் அக்குழாய்களின் வழியே முதலில் அருகிலுள்ள முடிச்சுகளைச் சென்றடைகின்றன.

இன்னொரு விளைவும் உண்டு. அயோடினை உள்ளிழுக்கும் மரபணுக்களின் இயக்கம் குறைந்துவிடுகிறது. கதிரியக்க அயோடின் சிகிச்சையோ உயிரணு அயோடினை உள்ளிழுப்பதை நம்பியே இருக்கிறது. பினாங்கு பொது மருத்துவமனையில் அணு மருத்துவப் பிரிவு உள்ளது. அறுவை சிகிச்சைக்குப் பின் எஞ்சிய உயிரணுக்கள் அயோடினை ஏற்க மறுத்தால், அச்சிகிச்சை பலனளிக்காது.

அடங்கிய மரபணுக்களை மீண்டும் எழுப்ப முடியுமா? 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 'செலுமெடினிப்' மருந்து கொடுக்கப்பட்ட 20 நோயாளிகளில் 12 பேருக்கு அயோடின் ஏற்கும் திறன் கூடியது. இது சிறிய ஆய்வுதான். எனினும் நம்பிக்கை தரும் வழி.

அஞ்ச வேண்டுமா?

2018 முதல் நடைமுறையிலுள்ள அனைத்துலக வகைப்பாட்டின்படி, 55 வயதுக்குக் குறைந்த பாப்பிலரி நோயாளிக்குக் கழுத்து முடிச்சுகளில் நோய் பரவியிருந்தாலும் அது முதல் கட்டமே. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவினால்தான் அது இரண்டாம் கட்டமாகும். ஆகவே, முடிச்சுக்குப் பரவியது என்பதால் வாழ்க்கை முடிந்துவிடாது. ஆனால், அந்நோய் மீண்டும் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுவதால் தொடர் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

மரபணுச் சோதனை மட்டுமே பரவலை உறுதிப்படுத்திவிடாது. கழுத்து அல்ட்ராசவுண்டும் ஊசி மூலம் எடுக்கும் உயிரணுச் சோதனையுமே இன்றும் அடிப்படை.

கழுத்தில் கரையாத கட்டி, காரணமின்றி நீடிக்கும் குரல் கரகரப்பு, விழுங்குவதில் சிரமம் ஆகியவை இருந்தால் அருகிலுள்ள சுகாதார கிளினிக்கில் காட்டுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயல்ல. ஆனால், அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே, அண்டை வீட்டாரல்லர்.