தீட்டும் பாதரசமும்: கொடைக்கானல் வரலாற்றில் சில பக்கங்கள்

காய்ச்சலுக்குப் பயந்துதான் வெள்ளைக்காரன் கொடைக்கானல் ஏறினான். மதுரைப் பக்கம் ஊழியம் செய்ய வந்த அமெரிக்க மிஷன்காரர்கள், சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு, 1845-ல் மலைமேல் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்டார்கள். ஏறக்குறைய 140 வருஷம் கழித்து, காய்ச்சலை அளக்கிற தெர்மாமீட்டர் செய்யும் அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்று அதே மலைக்கு வந்து சேர்ந்தது. முதல் வருகைக்குத் தோள் கொடுத்தவர்களும் இரண்டாவது வருகைக்குக் கை கொடுத்தவர்களும் யார்? கொடைக்கானலைப் பற்றி எழுதியவர்கள் இந்தக் கேள்விக்கு அதிகம் மெனக்கெடவில்லை.

1870களில் ரயில் வந்தபிறகு, மதுரைக்கு வடக்கே அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டு வண்டியில் வத்தலக்குண்டு வழியாக மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வர வேண்டும். அங்கிருந்து மேலே சுமார் 12 மைல் செங்குத்துப் பாதை. குதிரை உள்ளவன் குதிரையில் போவான். மற்றபடி துரை, துரைசாணி, கைக்குழந்தை, பெட்டி படுக்கை எல்லாம் மனுசன் தோளில்தான். 1914 வாக்கில் மோட்டார் போகிற மலைச்சாலை முடிகிறவரைக்கும் இதுதான் நிலைமை. அந்தச் சாலைக்கு லா என்கிற மேஜர் பெயரால் லாஸ் காட் என்று பெயர். பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே உலாத்துவதற்கு 1872-ல் போட்ட நடைபாதைக்குக் கோக்கர் என்கிற லெப்டினன்ட் பெயர். 1863-ல் ஏரியை உண்டாக்கியவர் கலெக்டர் லெவிஞ்ச் என்று கைடு முதல் பாடப்புத்தகம் வரை சொல்கிறது. சுமை தூக்கி ஏறிய பாதைக்கு மட்டும் ஆள் பெயர் கிடையாது. அது கூலி காட்.

ஒரு டோலிக்கு முன்னும் பின்னும் ஆட்கள், முறை மாற்றித் தோள் கொடுக்க இன்னும் சிலர். ஏறி முடிக்க மணிக்கணக்காகும். அவ்வளவு நேரமும் தூக்குகிறவன் மூச்சு இரைப்பது உள்ளே இருக்கிறவர் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஒருத்தர் உயிர் இன்னொருத்தர் கால் பிடிமானத்தில் தொங்குகிறது. ஆனாலும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. காய்ச்சல் இல்லாத இடத்தில் துரையை இறக்கிவிட்டுத் தூக்கினவன் காய்ச்சல் இருக்கிற ஊருக்கே திரும்பி இறங்கினான். அவனுக்கு மலையில் தங்க பங்களா ஏது?

வெள்ளைக்காரன் பார்க்காமல் போனான் என்று அவனை மட்டும் திட்டி முடித்துவிட முடியாது. நம்ம ஊர்களில் கதை வேற. இங்கே புது ஆளைப் பார்க்காமல் விடுகிற வழக்கமே இல்லை. "நீ யாரு, எந்த ஊரு, எந்தத் தெரு?" மூன்றாவது கேள்வியில் ஆளை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துபோகும். தொட்டால் தீட்டு, நெருங்கினால் தீட்டு, கண்ணில் பட்டாலே தீட்டு. திருநெல்வேலிப் பக்கம் புதிரை வண்ணார் பகலில் வெளியே வரக்கூடாது, இருட்டின பிறகுதான் வேலை செய்ய வேண்டும் என்றிருந்ததை 1932-ல் பத்திரிகைகள் எழுதின. அம்பேத்கரும் இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். அவர்கள் செய்த வேலை, ஒடுக்கப்பட்ட சனங்களின் துணி வெளுப்பது. பழனி மலையிலும் இது இல்லாமல் இல்லை. மலைப் புலையரைக் குன்னுவர்களின் பண்ணையடிமைகள் என்றே 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஆவணங்கள் குறிக்கின்றன. ஒரு மனுசனிடமிருந்து இன்னொரு மனுசனுக்கு ஏதோ கண்ணுக்குத் தெரியாமல் தாவுகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்று இந்தச் சமூகம் எத்தனை நூற்றாண்டு காவல் நின்றிருக்கிறது!

நிஜமாகவே கண்ணுக்குத் தெரியாமல் தாவுகிற ஒன்று 1983-ல் வந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த செஸ்பரோ பாண்ட்ஸ் கம்பெனியின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை கொடைக்கானல் செயின்ட் மேரீஸ் ரோட்டுக்கு இடம் மாறியது. 1987-ல் அந்தக் கம்பெனியை யூனிலீவர் வாங்க, கடைசியில் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் அமெரிக்காவிலிருந்து வரும். செய்து முடித்த தெர்மாமீட்டர் அமெரிக்காவுக்கே போகும். எங்கேயோ ஒரு தாய் பிள்ளையின் நாக்குக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பாள். அதில் பாதரசம் நிரப்பிய கை யாருடையது என்று அவள் நினைத்திருக்க நியாயமில்லை.

பாதரசம் பார்க்க அழகான சாமான். தெர்மாமீட்டர் உடைந்தால் அந்த வெள்ளி மணிகளை உள்ளங்கையில் உருட்டி விளையாடாத பிள்ளைகள் உண்டா? உருட்டுவதைவிட ஆபத்து அது ஆவியாவதுதான். சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும். நிறமில்லை, வாசனையில்லை. மூச்சில் போனால் பெரும்பகுதி ரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேரும். கை நடுங்கும், ஈறு வீங்கும், ஞாபகம் தப்பும், காரணமில்லாமல் கோபம் வரும். குடிகாரன் என்றோ கிறுக்கு என்றோ ஊர் சொல்லிவிட வசதியான அறிகுறிகள்.

அது உடுப்பிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் போகும். பாதரசத் தொழில் நடந்த இடங்களிலெல்லாம் மருத்துவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். வேலைக்குப் போனவர் உடுப்பைக் கழற்றிப் போடுவார். வீட்டில் ஒருத்தி அதை உதறித் துவைப்பாள். மடியில் பிள்ளை இருக்கும். தீட்டுத் துணி என்று ஒரு சாதியையே இருட்டில் வைத்த நாட்டில், இந்தத் துணியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் ஒரே சாதிக்காரர்கள் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது சாதி பார்த்துத் தாவுகிற சரக்கில்லை.

2001 மார்ச் 7-ந்தேதி விஷயம் தெருவுக்கு வந்தது. மூஞ்சிக்கல் கடைத்தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மலையாகக் கிடந்தது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸும் முன்னாள் தொழிலாளர்களும் ஊர்க்காரர்களும் அதை வெளியே கொண்டுவந்தார்கள். போராடியவர்கள் கணக்கில் 7.4 டன். தங்கள் விதிகளை மீறி விற்கப்பட்டதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது 5.3 டன். அதே வருஷம் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது. தெர்மாமீட்டர் போன வழியிலேயே கழிவும் போனது நம் நாட்டுப் போராட்டங்களில் அபூர்வமான வெற்றி.

போகாமல் தங்கியதும் உண்டு. தொழிற்சாலைக்குக் கீழே பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் சமவெளிக்கு இறங்குகிறது. கும்பக்கரையில் குளிக்கிறவர்களுக்கு மேலே நடப்பது தெரியவா போகிறது? அணுசக்தித் துறையின் ஐதராபாத் மையத்து விஞ்ஞானிகள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் கொடைக்கானல் ஏரியின் தண்ணீர், சேறு, மீன் மூன்றிலும் பாதரசம் இருந்ததைக் காட்டி, தெர்மாமீட்டர் தொழிற்சாலையைக் காரணமாகச் சொன்னார்கள். தேனிலவுக்கு வந்து படகு விடுகிற ஏரி!

ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் 1956-ல் மீனவக் குடும்பங்களுக்கு இழுப்பு நோய் வந்தபோது, ஊர் முதலில் செய்தது என்ன தெரியுமா? தொற்றுநோய் என்று சொல்லி அவர்களை ஒதுக்கியது, வீடுகளுக்கு மருந்தடித்தது. சிஸ்ஸோ கம்பெனி கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக வந்தது என்று ஜப்பான் அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1968 ஆனது. பாதிக்கப்பட்டவனையே தீட்டாக்கி ஒதுக்குகிற வேலை நம் நாட்டில் மட்டும் நடக்கிறதில்லை. அந்த ஊர்ப் பெயரில்தான் 2013-ல் உலகப் பாதரச ஒப்பந்தம் வந்தது. இந்தியா 2018-ல் ஏற்றது.

கொடைக்கானல் தொழிலாளர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேலையால் யாருடைய உடம்புக்கும் கெடுதல் வரவில்லை என்பதே கம்பெனியின் வாதம். பத்து வருஷம் இழுத்து, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமாக உடன்பாடு ஏற்பட்டது. இடையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று அந்தக் குடும்பங்களைத்தான் கேட்க வேண்டும்.

அந்த உடன்பாடு கம்பெனியில் வேலை பார்த்தவர்களோடு. மூஞ்சிக்கல் கடையில் சாக்கைப் பிரித்துக் கண்ணாடியைக் கொட்டியவர்களும் அள்ளியவர்களும் கம்பெனி ஆட்கள் கிடையாது. உடுப்பைத் துவைத்தவர்களுக்கும் சம்பளப் பதிவேட்டில் பெயர் கிடையாது. டோலி தூக்கினவர்களைத் தேடிப் போய்க் கேட்க இனி வழியில்லை. இவர்களில் பலர் இன்னும் இருப்பார்கள். படிக்கிற பிள்ளைகள் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போனால் ஒருநாள் மூஞ்சிக்கல்லில் உட்கார்ந்து விசாரிக்கலாம். எத்தனை நாள் அள்ளினீங்க, வெறுங்கையிலா, அன்னைக்குக் கூலி எவ்வளவு, வீட்டில் துணி துவைச்சது யாரு என்று கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொண்டு வரட்டும்.